துண்டு கொடுத்தேன், அந்த அக்கா போகவில்லை. எங்கே பிழை விட்டேன்?

கேட்டவர்: கிளினிக் தாதி, யாழ்ப்பாணம்

நான் புற்றுநோய் கிளினிக்கில் வேலை. வடமராட்சியிலிருந்து வரும் ஒரு அக்காவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. போன முறை மருந்து ஏறி முடியும் வரை கிளினிக் கொப்பியின் மூலையைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டே இருந்தார். "நித்திரை இல்லை மிஸி. பிள்ளையள் படுத்தாப் பிறகு குசினிக்குள்ள போய் இருந்திடுவன்" என்றார். டொக்டரிடம் சொன்னேன். மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினேன். வாசித்துவிட்டு, "எனக்கென்ன விசரே?" என்று கேட்டார். அதோடு என்னுடன் கதைப்பதை விட்டுவிட்டார்.

நீங்கள் எப்படிச் சொல்லி அனுப்புகிறீர்கள்?

பதில்: உளவளத்துணையாளர்

தங்கச்சி, துண்டில் பிழை இல்லை. துண்டுக்கு முன்னால் ஒரு கதை இருந்திருக்க வேண்டும். "இந்த மருந்து எடுக்கிற கனபேருக்கு நித்திரை குழம்பும். அதைப் பார்க்கவும் எங்களிடம் ஆள் இருக்கு, அதுவும் இந்த வைத்தியத்தில் ஒரு பகுதிதான்" என்று தொடங்கியிருக்கலாம். அவர் நித்திரை என்றுதான் சொன்னார். நாங்களும் அந்தச் சொல்லிலேயே நிற்க வேண்டும்.

1998இல் நியூயோர்க்கில் புற்றுநோயாளருக்கென்று ஒரு தெர்மோமீற்றர் படம் செய்தார்கள். 0 முதல் 10 வரை. போன கிழமை மனம் எவ்வளவு அந்தரப்பட்டது என்று நோயாளியே கோடு போடுவார். 'மனநோய்' என்ற சொல்லுக்கு ஆட்கள் வெருளுவார்கள் என்றுதான் 'அந்தரம்' போல ஒரு சாதாரணச் சொல்லை எடுத்தார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாகக் கதைக்க வேண்டும். காசு, பஸ், பிள்ளைகள் எல்லாம் பக்கத்திலேயே பட்டியலாக இருக்கும். சிலவேளை ஆளைத் தின்பது பஸ் காசுதான்.

ஆனால் "இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், தெர்மோமீற்றரை விடுங்கள். தனியாக விடாமல் அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டாருக்கு 1926 என்ற இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

பதில்: மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் எடுத்தவர்

எனக்கும் துண்டு தந்திருந்தால் போயிருக்க மாட்டேன். அங்கே ஒரு மிஸி என் பையையும் தூக்கிக்கொண்டு "வாங்கோ ஐயா, நானும் வாறன்" என்று கதவடி வரை வந்தார். உள்ளே இருந்தவரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். இன்னொன்று, தூரத்து ஆட்களுக்குக் கிளினிக் நாளிலேயே அதையும் போட்டுக் கொடுங்கள். வேறு நாள் என்றால் வராமல் விட்டுவிடுவார்கள்.

கேட்டவர் மீண்டும்

இன்று அக்கா வந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கோட்டைக் கீறிக் காட்டினேன். என் பேனையை வாங்கி 8இல் புள்ளி வைத்தார். பட்டியலை நான் வாசிக்க, 'பிள்ளைகள்' என்ற இடத்தில் அழுதுவிட்டார். மூத்தவளுக்கு இன்னும் என்ன வருத்தம் என்று சொல்லவில்லையாம்.

அடுத்த கீமோ அன்று, மருந்து ஏற்ற முதல் நான் கூடப் போகிறேன். பழைய துண்டு கொப்பிக்குள் மடித்தபடி அப்படியே இருந்தது.