வாய்க்கால் திருத்தம் கோரும் கடிதத்தை எவ்வாறு அமைப்பது?

கேள்வி: கமக்காரர் அமைப்பின் செயலாளர், ஒட்டுசுட்டான் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தின் துருசிலிருந்து (மதகிலிருந்து) வரும் வாய்க்காலின் கட்டு கடந்த மாரியில் உடைந்தது. கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் காலபோகப் (பெரும்போகப்) பயிர் கருகிவிட்டது. "பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்படுகிறோம், முழு வயலும் அழிந்துவிட்டது, உடனடியாக ஆவன செய்க" என்று இரண்டு கடிதங்கள் எழுதி, ஐந்து அலுவலகங்களுக்கு அனுப்பினோம். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. அடுத்த விதைப்புக்கு முன்னர் மூன்றாவது கடிதத்தை எழுத வேண்டும். நாங்கள் எங்கே தவறினோம்?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், வவுனியா

தம்பி, ஐந்து இடங்களுக்குப் போன கடிதத்தை ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று கோவையில் இட்டுவிடுவார்கள். குளம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பாசனப் பரப்பு 200 ஏக்கர் வரை உள்ள சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் கவனிக்கிறது. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு.

"முழு வயலும் அழிந்தது" என்ற வசனம் உங்களுக்கே எதிராக நிற்கும். பார்வையிட வருபவர் துருசடியில் விளைந்து நிற்கும் நான்கு வயல்களைக் கண்டால், உண்மையில் கருகிய வயல்களைப் பற்றி நீங்கள் எழுதியதையும் சேர்த்துச் சந்தேகிப்பார். கட்டு எந்தத் திகதியில், துருசிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி, எவ்வளவு நீளத்துக்கு உடைந்தது, அதனால் யாருடைய வயல், எத்தனை ஏக்கர் பாதிக்கப்பட்டது என்பதை, வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையாரோடு நடந்து பார்த்து எழுதுங்கள். அளந்து எழுதியதை மறுக்க விரும்புபவரும் களத்துக்கு வந்து அளந்துதான் மறுக்க வேண்டும்.

"ஆவன செய்க" என்பது கோரிக்கை ஆகாது. தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மதிப்பீடு தயாரிக்குமாறு மட்டும் கேளுங்கள். நிதி இல்லை என்ற பதில் வரக்கூடும் என்பதால், மண் வேலையை அமைப்பே சிரமதானமாகச் செய்யும் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள்; செய்ய முடியுமென்றால் மட்டும்.

மறுமொழி 2: ஆசிரியை, கிளிநொச்சி

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அளவுகளை மட்டும் எழுதி ஆட்களை விட்டுவிடாதீர்கள். விதைநெல்லைக் கடனுக்கு வாங்கி விதைத்த குடும்பம் ஒன்று உங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும். அவர்களின் சம்மதத்தோடு அந்த நிலையை இரண்டு வசனத்தில் எழுதினால், விதைப்புக்கு முன்னர் வேலை முடிய வேண்டியதன் காரணம் வாசிப்பவருக்கு விளங்கும்.

மறுமொழி 3: கமக்காரர், மாங்குளம்

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய பதிவுகளின் பிரதியைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா, நன்றி ரீச்சர், நன்றி அண்ணா. எங்கள் குளத்தின் பாசனப் பரப்பு 160 ஏக்கர். அப்படியென்றால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு; இரண்டு கடிதங்களும் முகவரியிலேயே தவறியிருக்கின்றன. ஞாயிறு காலை வட்டவிதானையாரோடு அளவு நாடாவுடன் வாய்க்காலுக்குப் போகிறோம்.