கலைச்சொல் தேவை: வேஸ்ட்கேட், டியூட்டி (வெள்ளிக்குள்)

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், கையேட்டுக் குழு:
அனைவருக்கும் வணக்கம். மாலை நேர மோட்டார் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வெளியில் வாங்கிப் பூட்டும் ஈசியூவைக் (எஞ்சினை இயக்கும் கணினி) கொண்டு டர்போ பூஸ்டைக் (எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) கட்டுப்படுத்தும் பாடம் மட்டும் பாக்கி. பூஸ்ட் என்பது 'ஊட்டழுத்தம்' என்று போன மாதமே முடிந்தது, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். பூஸ்ட் அளவு மீறாமல் திறந்துகொள்ளும் வேஸ்ட்கேட்டுக்குக் 'கழிவுக் கதவு', அதை ஆளும் சோலினாய்டுக்கு (மின்சார வால்வு) ஈசியூ மின்சாரம் கொடுக்கும் நேரப் பங்கான டியூட்டிக்குத் 'திறப்பு விகிதம்' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.

செந்தூல் பட்டறை:
அக்கா, 'திறப்பு விகிதம்' வேண்டவே வேண்டாம். மூன்று வாய் சோலினாய்டில் ஒரு வாய் கம்ப்ரசரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) வரும், ஒன்று ஆக்சுவேட்டருக்குப் (வேஸ்ட்கேட்டைத் தள்ளித் திறக்கும் ஸ்பிரிங் வைத்த குடுவை) போகும், ஒன்று வெளிக்காற்றுக்கு. மின்சாரம் இல்லாதபோது அழுத்தம் நேரே ஆக்சுவேட்டருக்குப் போய், ஸ்பிரிங் விட்டுக்கொடுத்ததும் வேஸ்ட்கேட் திறக்கும். ஈசியூ நொடிக்கு 20, 30 தடவை மின்சாரம் விட்டு விட்டுக் கொடுத்தால் அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி வெளியே கசியும். வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். ஆக, டியூட்டி கூடினால் கதவு மூடியிருக்கும் நேரம்தான் கூடுகிறது. 'திறப்பு' என்று படித்த பையன் பூஸ்டைக் குறைக்க நினைத்து டியூட்டியை ஏற்றுவான். பிஸ்டன் போய்விடும்.

பினாங்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'கழிவு' என்றதும் மாணவன் கழிவறையை நினைப்பான். ஏரியில் மிஞ்சிய நீரை வெளியேற்ற நம்மவர் கட்டியது கலிங்கு. மதகு வேறு, அது பாசனத்துக்கு. கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டு, நீர்மட்டம் கூட வேண்டுமானால் கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைப்பார்கள். வெள்ளம் வரும்போது அடைப்பை எடுக்காவிட்டால் கரை உடையும். தம்பி சொல்லும் ஸ்பிரிங்தான் கலிங்கு மட்டம், சோலினாய்டுதான் பலகை. 'கலி' என்ற வேரும் மிகுதி, எழுச்சியைக் குறிக்கும் என்று கொண்டால்...

கிள்ளான்:
ஐயா, வேர் இருக்கட்டும். மலேசியாவில் பிறந்த பிள்ளைக்குக் கலிங்கை எங்கே காட்டுவது? தோட்டத்தில் வளர்ந்தவனுக்கே பாரிட் என்கிற வாய்க்கால்தான் தெரியும்.

செந்தூல் பட்டறை:
ஐயா சொன்னதில் பாதி நன்றாகப் பொருந்துகிறது. ஸ்பிரிங் 0.5 பார் அழுத்தத்துக்கு என்றால் அதற்குக் கீழே எந்த ஈசியூவாலும் பூஸ்டை இறக்க முடியாது, மேலே ஏற்றத்தான் முடியும். ஆனால் கலிங்கு வெளியேற்றுவது சேர்த்து வைத்த நீரையே. வேஸ்ட்கேட் ஊட்டிய காற்றைத் தொடுவதே இல்லை. எக்ஸாஸ்ட் புகையை டர்பைன் சக்கரத்துக்கு முன்பே ஒதுக்கி வேறு வழியாக அனுப்புகிறது. ஊட்டிய காற்றை வெளியே விடுவது புளோ-ஆஃப் வால்வு. அதற்குக் கலிங்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'ஒதுக்குக் கதவு' போதும்.

பினாங்கு ஆசிரியர்:
ஒதுக்கிய, ஒதுக்குகின்ற, ஒதுக்கும் கதவு என்று மூன்று காலமும் கரந்து நிற்பதால் வினைத்தொகை. வலி மிகாது. 'ஒதுக்குகதவு' என்றே எழுத வேண்டும்.

கையேட்டுக் குழு:
சரி ஐயா, 'க்' போய்விட்டது. டியூட்டிக்கு 'மின்பங்கு' சரிவருமா?

கிள்ளான்:
மின் நிறுவனமான தெனாகாவின் பங்கு வாங்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். 'டியூட்டி' என்றே விடுங்கள். மென்பொருள் திரையில் அவன் பார்க்கப்போவதும் அதைத்தான்.

பினாங்கு ஆசிரியர்:
டகரம் மொழிக்கு முதலாகாது. வடசொல்லுக்கு இடம் கொடுத்த தொல்காப்பியரே வடவெழுத்தை நீக்கிக்கொள்ளச் சொன்னார்.

கிள்ளான்:
அப்படியானால் டர்போவும் 'இடர்போ' ஆகட்டும். 'இடரே போ' என்று பொருளும் வந்துவிடும்.

செந்தூல் பட்டறை:
எந்தச் சொல் வந்தாலும் செய்முறையை மாற்றாதீர்கள். முதலில் டியூட்டி 0, முழு திராட்டில் (ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து), ஸ்பிரிங் மட்டும் எவ்வளவு தருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதே பூஸ்ட் ஆர்பிஎம்மோடு (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் துளை சிறிது. அதை ஈசியூவால் சரிசெய்ய முடியாது. பிறகு ஐந்தைந்து விழுக்காடாக ஏற்றி, ஆர்பிஎம் வாரியாக அட்டவணையை நிரப்ப வேண்டும். அட்டவணை சரியான பிறகுதான் குளோஸ்ட் லூப் (ஈசியூ பூஸ்டை அளந்து தானே டியூட்டியைத் திருத்துவது). முதலிலேயே அதைப் போட்டால் குறியைத் தாண்டிக் குதித்துத் திரும்பும். இலக்குக்கு 0.2 பார் மேலே எரிபொருள் வெட்டு. அந்த அளவு மேப் சென்சாரின் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) எல்லைக்குள் இருக்க வேண்டும்: 3 பார் சென்சார் வெளிக்காற்றையும் சேர்த்தே அளப்பதால் சுமார் 2 பார் பூஸ்ட் வரைதான் காட்டும். கோலாலம்பூர் மதிய நெரிசலில் உள்காற்று கொதிக்கும், வெப்பம் ஏற ஏற இலக்கைக் குறைக்கும் அட்டவணையும் தேவை. ரோன் 97 பெட்ரோலுக்குச் செய்த டியூனில் ரோன் 95 ஊற்றக்கூடாது. ஆக்சுவேட்டர் ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. இரண்டு முனையிலும் கிளிப். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கையேட்டுக் குழு:
ஒதுக்குகதவுக்கு நால்வர், கலிங்குக்கு ஒருவர். 'டியூட்டி' அப்படியே போகிறது, பக்கத்தில் 'மின் இருக்கும் நேர விழுக்காடு' என்று விளக்கம். மூடுகிறேன்.

பினாங்கு ஆசிரியர்:
டியூட்டிக்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். புளோ-ஆஃபுக்குக் கலிங்கு உறுதிதானே?

கிள்ளான்:
கலிங்கா, கலுங்கா ஐயா? எங்கள் பாட்டி ஊரில் கலுங்குதான்.