மறு: ‘சுதந்திர விருப்பம்’ – ஏன் மாற்ற வேண்டும்?

அன்புடையீர்,

> ‘ஃப்ரீ வில்’லுக்குச் ‘சுதந்திர விருப்பம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, ஆனால் ‘ஃப்ரீ வில்’ (தன் செயலைத் தானே முடிவுசெய்யும் ஆற்றல்) பற்றி மெய்யியல் பாடம் நடத்தத் தொடங்கியதும் காலை வாரிவிடுகிறது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் காட்டும் அறையை எடுத்துக்கொள்வோம். தூங்கிக்கொண்டிருப்பவனை அப்படியே தூக்கிச் சென்று ஓர் அறையில் விட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அவன் காண ஏங்கிய ஒருவர் அதே அறையில் இருக்கிறார். கண்விழித்தவன் மகிழ்ந்து பேசிக்கொண்டிருக்கிறான், போக மனமே இல்லை. முழு விருப்பத்தோடு இருக்கிறான். வெளியேறும் சுதந்திரம் மட்டும் கிடையாது. இவனுக்குச் ‘சுதந்திர விருப்பம்’ உண்டா என்று கேட்டால், மாணவர் சொல்லை இரண்டாகப் பிய்த்துத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட். போதைக்கு அடிமையான ஒருவர் போதைப்பொருளை விரும்புகிறார். அந்த விருப்பம் தம்மை ஆட்டிவைக்கக் கூடாது என்றும் விரும்புகிறார். இரண்டில் எது செயலாகிறதோ அதைத்தான் ஃபிராங்க்ஃபர்ட் 1971-இல் எழுதிய கட்டுரையில் ‘வில்’ என்கிறார். அதற்கும் விருப்பம் என்றே பெயரிட்டால் கிடைப்பது: ‘எந்த விருப்பம் தம் விருப்பமாக வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ…’ நாப்பயிற்சிக்கு ஆகும், மெய்யியலுக்கு ஆகாது.

> ‘தன்னிச்சை’ பழகிய சொல்தானே?

அதை வேதியியல் பாடநூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அறை வெப்பநிலையில் பனிக்கட்டி உருகுவது ‘தன்னிச்சை செயல்முறை’! செய்தித்தாளில் ஒருவர் ‘தன்னிச்சையாகச் செயல்பட்டார்’ என்றால் அது குற்றச்சாட்டு.

என் முன்மொழிவு: ‘வில்’ – துணிபு, ‘ஃப்ரீ வில்’ – தற்றுணிபு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளில் துணிதல் என்பது முடிவெடுத்தல்தான். ‘துணிவு’ இன்று வீரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது, ‘துணிபு’ சாயவில்லை. இலங்கை நிர்வாகத் தமிழில் தற்றுணிபு என்பது அதிகாரி தம் மதிப்பீட்டின்படி முடிவெடுக்கும் அதிகாரம். நமக்கு வேண்டிய பொருளுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. துணிபுக்குச் சுதந்திரம் உண்டா என்பது கேள்வியே அல்ல, மனிதனுக்கு உண்டா என்பதே கேள்வி என்று லாக் வாதிட்டார். தற்றுணிபில் உள்ள ‘தன்’ அந்த மனிதனையே சுட்டுகிறது. முடிவுக்கு மாற்றுவழி திறந்திருந்ததா இல்லையா என்ற வழக்கில் இந்தச் சொல் எந்தப் பக்கமும் சேரவில்லை. கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிட்டால் பிறகு விவாதம் எதற்கு?

> டிடெர்மினிசத்துக்கு ‘நியதிவாதம்’ சரிதானே?

இல்லை. நியதி என்பது பண்டைய இந்தியச் சமயத்தாரான ஆசீவகரின் சொல். மற்கலி கோசாலர் பெயரில் வழங்கும் அந்தக் கொள்கையில் மனித முயற்சிக்கு இடமே இல்லை. டிடெர்மினிசம் சொல்வது வேறு: முன்காரணங்களும் இயற்கை விதிகளும் சேர்ந்து விளைவை முழுவதுமாகக் கட்டுகின்றன, முயற்சியும் அக்காரணங்களுள் ஒன்று. கிரேக்கர்கள் விவாதித்த ‘சோம்பல் வாதம்’ இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டும். நோய் தீரும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும். தீராது என்பது விதியானால் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீராது. ஆகவே அழைப்பது வீண். ஸ்டோயிக் மெய்யியலாளர் கிரிசிப்பஸ் இதற்குச் சொன்ன பதில்: மருத்துவரை அழைப்பதும் குணமாவதும் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கலாமே! வாதத்தின் வடிவில் பிழையில்லை. ‘அழைக்காவிட்டாலும் தீரும்’ என்ற எடுகூற்றுதான் (வாதத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கூற்று) பொய். ஆகவே ‘நியதிவாதம்’ முயற்சியை மறுக்கும் கொள்கைக்கே இருக்கட்டும். டிடெர்மினிசத்துக்குக் ‘காரணக்கட்டு’ என்று வைக்கலாம்.

வடிவில் சரியாக இருப்பதற்கும் எடுகூற்றுகளும் மெய்யாக இருப்பதற்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. காரணக்கட்டும் தற்றுணிபும் ஒருங்கே இருக்க முடியும் என்ற கொள்கைக்கு என்ன பெயர்? ‘இணக்கவாதம்’ என்றால் சமரசம் பேசுவதுபோல் ஒலிக்கிறது. ‘ஒத்தியல்வாதம்’ எப்படி?