அரேயில் (0 முதல் எண்ணிடும் பட்டியலில்) ஒன்று விட்டுப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

தக்கலைக்காரன்:
யூஎஃப்டியில் (மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு விளக்கம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரி ஒருவருக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். கிளைப் பட்டியலை ‘ஆல் ஐட்டம்ஸ்’ என்று கேட்டு வாங்கினால் நடுவில் அரைப்புள்ளி போட்டு ஒரே சரமாக வரும், அதை ஸ்பிளிட் செய்து (துண்டு துண்டாகப் பிரித்து) அரேயாக்கி, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பில் போட்டுப் பார்ப்பதுதான் என் ஸ்கிரிப்ட். 0-வது இடத்தில் ‘கிளையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற வரி இருந்ததால் லூப்பை 1-ல் தொடங்கி யூபவுண்ட் வரை, அதாவது கடைசி இடத்தின் எண் வரை, ஓட்டினேன். மொத்தம் 12 வரி, யூபவுண்ட் 11, கிளைகளும் 11. தினமும் ரிப்போர்ட்டில் 11 பாஸ்.

ஒரு நாள் டெவலப்பர் அந்த முதல் வரியை எடுத்துவிட்டார். அதே வாரம் கருங்கலில் புதுக் கிளை திறந்தார்கள். ஒன்று போய் ஒன்று வந்ததால் இப்போதும் 12 வரி, யூபவுண்ட் 11, ரிப்போர்ட்டில் 11 பாஸ். எண் மாறாததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் 0-வது இடத்துக்கு வந்திருந்தது அருமனை. மூன்று வாரம் அருமனைக்கு ஒரு பில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது போன் வந்தது. அருமனைக் கடையில் இருந்தவர் கோபப்படக்கூட இல்லை. “தம்பி, பில்லுல ரேட்டு பூஜ்யம்னு வருது, ஷீட்டு கொண்டுவந்த ஆளு முன்னாடியே நிக்காரு, நான் என்ன சொல்லட்டு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

குழித்துறை_பாசஞ்சர்:
12 வரிக்கு யூபவுண்ட் 11 என்கிறீர்கள், ஆட்டோஇட் என்ற இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியில் 12 என்றுதான் வரும், அங்கே அது எண்ணிக்கை. எனக்கு நடந்தது அதன் அரேடிலீட்டில் (அரேயிலிருந்து ஒரு வரியை நீக்கும் கட்டளை). ஒரு பள்ளியின் கட்டணப் பட்டியலில் வெற்று வரிகளை நீக்க லூப்பை முன்னிருந்து பின்னாக ஓட்டினேன். ஒன்றை நீக்கியதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்து வந்துவிடும், லூப்போ அதைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடும். அதனால் அடுத்தடுத்து இரண்டு வெற்று வரி இருந்தால் இரண்டாவது தப்பிவிடும். கடைசியில் அரே சுருங்கிப்போய் ‘எல்லை தாண்டியது’ என்று பிழை வந்தது. அது என்னவென்று பார்க்காமல், எல்லை தாண்டினால் லூப்பை விட்டு வெளியே வா என்று ஒரு வரி சேர்த்து அடக்கிவிட்டேன். அந்த ஒரு வரிதான் தவறு. காலை வண்டியில் பாறசாலை தாண்டியதும் லேப்டாப்பைத் திறந்து, அரேயைத் திரையில் காட்டும் அரேடிஸ்ப்ளே போட்டேன், நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. முந்தின நாளே பெயரில்லாத ஒரு மாணவனுக்கு ரசீது பதிவாகிவிட்டது. இப்போது கடைசியிலிருந்து ஸ்டெப் -1 போட்டுத்தான் நீக்குவேன்.

குளச்சல்காற்று:
பாசஞ்சர் அண்ணே, தக்கலை அண்ணன் சொன்னது வீபிஸ்கிரிப்ட், யூஎஃப்டியில் எழுதும் மொழி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். வீபிஸ்கிரிப்டில் யூபவுண்ட் கடைசி இடத்தின் எண், எண்ணிக்கை வேண்டுமானால் ஒன்று கூட்ட வேண்டும். அரே அமைக்க டிம் போட்டு அடைப்புக்குள் 5 என்றால் ஆறு இடம். ஆட்டோஇட்டிலும் எல்லாம் நேராக இல்லையே, ஸ்ட்ரிங்ஸ்பிளிட் சும்மா போட்டால் 0-வது இடத்தில் எண்ணிக்கையை வைத்துவிடும், ஃபிளாக் 2 கொடுத்தால்தான் அது வராது. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

என் கதை சின்னது. 12-ம் எண் பில் ரத்தாகிவிட்டதா என்று பில் எண்களின் அரேயில் ஃபில்டர் போட்டுத் தேடினேன், ‘இன்னும் இருக்கிறது’ என்றே வந்தது. இரண்டு நாள் டெவலப்பரோடு சண்டை. ஃபில்டர் முழுச் சொல்லைப் பார்க்காது, உள்ளே எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். அது பிடித்தது 112-ஐ. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பார்வதிபுரம்_பழையவர்:
மூன்று பேரும் சொன்னதைப் படித்தேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். யூஎஃப்டி க்யூடிபி என்ற பெயரில் மெர்க்குரி நிறுவனத்திடம் இருந்த காலத்தில் தொடங்கியவன் நான். 2006-ல் எச்பி வாங்கியது, அப்புறம் மைக்ரோ ஃபோகஸ், 2023-ல் ஓபன்டெக்ஸ்ட். பெயர் மாறினாலும் அரே 0-ல்தான் தொடங்கும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அரேயே வேண்டாம், டிக்‌ஷனரியில் (முழுச் சொல்லால் தேடும் பட்டியல்) போட்டு எக்ஸிஸ்ட்ஸ் கேளுங்கள், 12 என்றால் 12-தான். அரேயின் அளவை மாற்ற ரீடிம் செய்யும்போது பிரிசர்வ் மறந்தால் உள்ளே இருந்தது எல்லாம் போய்விடும். பிரிசர்வ் போட்டாலும் இரு பரிமாண அரேயில் கடைசிப் பரிமாணத்தை மட்டுமே மாற்ற முடியும், எனவே கூடிக்கொண்டே போவதைக் கடைசியில் வையுங்கள். வெற்றுச் சரத்தை ஸ்பிளிட் செய்தால் யூபவுண்ட் -1, லூப் ஒரு தடவைகூட ஓடாது, பிழையும் வராது, சோதனையே நடக்காமல் பாஸ் என்று காட்டும். ஆகவே லூப்புக்கு முன் அதைப் பாருங்கள். இன்னொன்று, வீபிஸ்கிரிப்டை விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. வயது இருக்கிறவர்கள் இன்னொரு மொழியையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள் மக்கா.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, -1 விஷயம் எனக்குப் புதிது, நாளைக்கே சேர்க்கிறேன். லூப்பை 0-ல் தொடங்கியதோடு நான் விடவில்லை. வியாபாரியிடமே போய் 12 கிளையின் பெயரையும் எழுதி வாங்கி, திரையில் வருவதை அதோடு பெயர் பெயராக ஒப்பிடுகிறேன். போன மாதம் குலசேகரத்தில் கிளை திறந்த அன்றே சோதனை சிவப்பாகிவிட்டது. அந்தப் பெயர் என் பட்டியலில் இல்லை.