வீட்டில் ஃபைல் சர்வர் வைத்திருப்பவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்

மொட்டைமாடி:
நானே ஆரம்பிக்கிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற மெமரி கார்டில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர், பின்னால் ஒரு 4 டிபி டிஸ்க், எல்லோரும் வைத்திருப்பதுதான். வெளியூரில் இருந்து ஃபைல் எடுக்க ரவுட்டரில் போர்ட் 22-ஐ, அதாவது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) வரும் வாசலை, சர்வருக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி டிஸ்க் விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. (அது டிவிக்காக ஓடும் இண்டெக்ஸ், வேறு விஷயம்.) எதற்கும் பார்ப்போமே என்று, உள்ளே வர முயன்றவர்களைக் குறித்து வைக்கும் ஆத்.லாக் ஃபைலைத் திறந்தேன். ரூட், அட்மின், பை, ஆரக்கிள், டெஸ்ட் என்று எங்கிருந்தோ ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் ஃபெயில்டு. 22 திறந்திருந்தால் இது நடக்கும், தெரிந்ததுதான். தூக்கக் கலக்கத்தில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒரே ஒரு வரி: ‘ஆக்செப்டட் பாஸ்வேர்ட் ஃபார் ஸ்கேன்’.

ஸ்கேன் என்பது பிரிண்டருக்காக நான் உண்டாக்கிய யூசர். ஸ்கேன் செய்தால் நேராக ஃபோல்டரில் வந்து விழுவதற்காக. பாஸ்வேர்டும் ஸ்கேன்தான், வீட்டுக்குள் மட்டும்தானே என்று. அதே பெயரில் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் உள்ளே வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டரில் அப்பாவின் தாய்ப்பத்திரம், அக்காவின் செட்டில்மெண்ட், வீட்டில் எல்லோருடைய ஆதார், பான்.

எடுத்தார்களா இல்லையா, இன்றுவரை தெரியாது. எஸ்எஃப்டிபியில் (எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைல் எடுப்பது) எந்த ஃபைல் போனது என்பதை நாமாகச் சொல்லி வைத்தால்தான் எழுதும். நான் சொல்லி வைக்கவில்லை. பழைய லாகும் சுமார் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. அதற்கு முன்னால் எத்தனை முறை வந்து போனார்களோ. அக்காவிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

காவிரிக்கரை:
உங்களுக்கு வெளியே இருப்பவன் உள்ளே வந்துவிட்டான். எனக்கு நானே உள்ளே போக முடியவில்லை.

அப்பாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல், திருச்சிக்குக் கொண்டு போனோம். டாக்டர், “பழைய எக்கோ ரிப்போர்ட் இருக்கா?” என்றார். “இருக்கு சார், ஒரு நிமிஷம்” என்று ஃபோனை எடுத்தேன். அத்தனை வருட ரிப்போர்ட்டும் வீட்டு சர்வரில் தேதி வாரியாக இருக்கிறது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபை, டேட்டா, மறுபடி வைஃபை. டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு மூடிவிட்டு, “பரவாயில்ல, புதுசா எடுத்துடலாம்” என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபம்கூட இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி சாவி வாங்கி உள்ளே போய், மானிட்டரை ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்தால் வேன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) 100.72 என்று ஆரம்பிக்கிறது. 100.64 முதல் 100.127 வரை என்றால் அது உங்கள் சொந்த முகவரி இல்லை; பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சிஜிநாட். 2012-லேயே இதற்கென்று ஒதுக்கிய எண்கள். அதற்குப் பின்னால் இருந்துகொண்டு என்னதான் போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் வராது. முந்தின வாரம்தான் இணைப்புக்காரர்கள் மாற்றியிருக்கிறார்கள். ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. இப்போது ரிப்போர்ட் எல்லாம் மறுபடியும் காகிதமாக மஞ்சப்பையில்தான் போகிறது.

அச்சுக்கூடம்:
மொட்டைமாடி, 22-ஐத் திறந்து வைத்துவிட்டு இப்போது வருத்தப்பட்டு என்ன செய்வது? கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், எனக்கும் பட்ட அனுபவம் உண்டு.

2017 மே, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அந்த வானாக்ரை வைரஸ் பரவிய வாரம். விளையாட்டு தடுமாறுகிறது என்று பையன் ரவுட்டரில் என் கம்ப்யூட்டரை டிஎம்இசட்டில் போட்டுவிட்டான். அதைப் போட்டால் ஒரு போர்ட் இல்லை, எல்லா போர்ட்டும் திறந்த வாசல்தான். விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான 445-உம் சேர்த்து. காலையில் பார்க்கிறேன், 11 வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன் அத்தனையும் பெயருக்குப் பின்னால் வேறு எழுத்தோடு நிற்கிறது. திரையில் 300 டாலர் கேட்கிறார்கள். அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அப்டேட்டை அணைத்து வைத்தவன் நான். அவ்வளவுதான் என் கதை.

இப்போது எல்லோரும் கவனியுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி-யை முதலில் அணையுங்கள்; உங்களைக் கேட்காமலே சாதனங்கள் போர்ட் திறந்துகொள்ளும். 445-ஐ எந்தக் காரணத்துக்கும் வெளியே காட்டாதீர்கள், அதில் ஃபைல் பகிரும் சாம்பா வீட்டுக்குள் மட்டும். எஸ்எஸ்ஹெச் வேண்டுமென்றால் சாவி (கீ ஃபைல்) மட்டும், பாஸ்வேர்ட் உள்நுழைவையே நிறுத்துங்கள். போர்ட்டை 22-இல் இருந்து 2222-க்கு மாற்றினால் லாகில் சத்தம் குறையும், பாதுகாப்பு அதிகமாகிவிடாது. வெளியிலிருந்து வர வயர்கார்ட் (பூட்டிய தனி வழி போடும் விபிஎன்) போடுங்கள். 2020-இல் இருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு யுடிபி போர்ட் போதும், சரியான சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருப்பதே வெளியே தெரியாது. காவிரிக்கரை, சிஜிநாட் என்றால் நீங்கள் வயர்கார்டை வைத்தே ஓடும் டெயில்ஸ்கேல் போடுங்கள், இரண்டு பக்கமும் உள்ளேயிருந்தே வெளியே கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும், போர்ட் திறக்கவே வேண்டாம். சர்வருக்கு டிஹெச்சிபியில் (ரவுட்டர் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் இடம்) முகவரியை நிலையாக ஒதுக்குங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ஃபார்வர்ட் வேறு சாதனத்துக்குப் போய்விடும். பேக்கப் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். வருடத்தில் இரண்டு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். நான் பார்த்ததில்லை.

கொக்குவில்_ரொறன்ரோ:
அச்சுக்கூடம் அண்ணை, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா யாழ்ப்பாணத்தில, கொக்குவில்ல இருக்கிற என்ர அம்மாவுக்கு 78 வயசு. அவவுக்கு வயர்கார்ட் போட்டுத் தாறதுக்கு ஆர் இருக்கினம்? எல்லாத்தையும் பூட்டினா, பூட்டினவர் மட்டும்தான் பாக்கலாம்.

எங்கட பிரச்சினை வெளியில இருந்து வரேல்லை. 95-ல இடம்பெயரேக்க அம்மா கொண்டு வந்த சாமானுக்குள்ள ஒரு கசெற். அம்மம்மா தாலாட்டுப் பாடி, இடையில எங்களைப் பேசி, பிறகும் பாடி, 41 நிமிசம். நான் அதைக் கணினியில ஏத்தி இங்க வீட்டு சேர்வரில வைச்சனான். ரெண்டு டிஸ்க், ஒண்டுக்கு ஒண்டு கண்ணாடி மாதிரி. ஒண்டு பழுதானாலும் மற்றது இருக்கும் எண்டு நிம்மதியா இருந்தன்.

மருமகன் இடம் காணாதெண்டு பழைய போல்டர்களை அழிச்சிட்டான். ரெண்டு டிஸ்கிலயும் அதே நொடியில போயிட்டுது. கண்ணாடி எண்டா அதுதானே செய்யும். அண்டைக்கு அம்மா போன் எடுத்து, “பிள்ளை, அம்மான்ர பாட்டு வேலை செய்யேல்லை” எண்டா. நான் நெற் பிரச்சினை எண்டு சொன்னன். பொய்.

அழிஞ்ச பைலை மீட்கிற போட்டோரெக் போட்டு மூண்டு நாள் ஓடவிட்டன். பேரில்லாத ஆயிரக்கணக்கான பைல் வந்துது, ஒவ்வொண்டாக் கேட்டன். 17 நிமிசம் கிடைச்சுது. பேச்சு விழுற இடம் அதில இல்லை. கசெற் இப்ப பூஞ்சணம் பிடிச்சு ஓடாது. அம்மா 17 நிமிசத்தைக் கேட்டிட்டு, முழுசா வந்திட்டுது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா.

பொள்ளாச்சிரோடு:
அக்கா, அந்த கசெட்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க. பூஞ்சை பிடிச்ச டேப்பைச் சுத்தம் பண்ணி எடுக்கறவங்க இருக்காங்க. நீங்களா மிஷின்ல போட்டு ஓட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம், டேப் அறுந்துடும்.

என் அனுபவம் சின்னதுதானுங்க. மாசாமாசம் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவாங்க இல்ல, அந்த நாள்ல யுபிஎஸ் இல்லாம விட்டு மெமரி கார்டு போயிருச்சு. டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பையன் பொறந்த வீடியோவை அப்பத்தான் கார்டுக்கு மாத்தி வெச்சிருந்தேன்.

அச்சுக்கூடம்:
தங்கச்சி சொல்வது நியாயம். அம்மாவின் ஃபோனை யாராவது ஒருமுறை கையில் வாங்கிப் போட்டுக் கொடுத்தால் போதும், பிறகு அவர் தொடவே வேண்டாம் என்றுதான் நினைத்து எழுதினேன். அந்த ஒருவர் அங்கே இல்லை என்பதை யோசிக்கவில்லை.

மொட்டைமாடி:
22-ஐ அன்று ராத்திரியே மூடிவிட்டேன். சர்வரின் மெமரி கார்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். ஸ்கேன் யூசருக்கு இப்போது அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் வழி இல்லை, எஸ்எஸ்ஹெச் அறவே கிடையாது. ஆதாரில் பயோமெட்ரிக்கை எல்லோருக்கும் லாக் செய்தாயிற்று.

பத்திரத்துக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பாஸ்வேர்ட் மாதிரி மாற்றக்கூடியதா அது? மாதம் பிறந்தால் பதிவுத்துறை தளத்தில் அப்பா நிலத்துக்கும் அக்கா வீட்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். அக்காவும் ஃபோன் செய்து, “பாத்துட்டியாடா?” என்று மட்டும் கேட்பாள். இந்த மாதமும் புதிதாக எதுவும் பதிவாகவில்லை.