விவேரியம்: ‘வாழிடப் பெட்டி’ எனலாமா?

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மரத்தவளை வளர்ப்புக் கையேட்டுக்கென விவேரியத்துக்கு (vivarium: தவளை போன்ற உயிர்களை அவற்றின் இயற்கைச் சூழலை ஒத்த நிலையில் வைத்து வளர்க்கும் கூடு) இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களில் ‘தவளைத் தொட்டி’, ‘உயிரகம்’ ஆகிய இரண்டும் பலரது ஆதரவைப் பெற்றுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதிலும் தொட்டி என்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தொட்டி என்றதும் நீரைத் தேக்கி வைக்கும் கலமே நினைவுக்கு வரும். கொழும்பில் புதிதாகத் தவளை வளர்ப்பவர்கள் பலர் மீன்தொட்டியையே வாங்கி, கண்ணாடியால் மூடி, அடியில் நீரை நிரப்பிவிடுகிறார்கள். குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஈரப்பதனைத் தக்கவைக்குமாறு திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், அங்கே சூடாக்கப்பட்ட அறைகளின் வளி உலர்ந்திருப்பதாகும். கடலோரக் கொழும்பிலோ சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. வளியும் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கிறது. இத்தகைய சூழலில் நாற்புறமும் அடைத்த கண்ணாடிக்குள் வெப்பம் ஏறி, வளி தேங்கி, பூஞ்சணம் படர்கிறது. நீரை உறிஞ்சுவதற்கும் ஒட்சிசனைப் பெறுவதற்கும் தோலைப் பயன்படுத்தும் தவளைக்கு அங்கே பற்றீரியாத் தொற்று எளிதில் ஏற்படும். இதே காரணத்தால் குளோரீன் நீக்காத குழாய்நீரும் அதற்குத் தீங்கானது. ஆகவே நமக்கு முதன்மையானது காற்றோட்டமே: முன்புறத்தில் தாழ்வாக ஒரு திறப்பும் மேலே வலைமூடியும் இருந்தால், சூடான வளி மேலெழுந்து வெளியேற, புதுவளி கீழிருந்து உள்ளே வரும்.

‘உயிரகம்’ ஓசையில் இனியது. ஆனால் அச்சொல் ஒட்சிசனுக்கும் வழங்கிவருவதால், வளியைப் பற்றி அடிக்கடி பேச வேண்டிய ஒரு கையேட்டில் குழப்பமே மிஞ்சும்.

என் பரிந்துரை ‘வாழிடப் பெட்டி’. வாழிடம் நம் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். பெட்டி என்பது அடைப்பை உணர்த்தாதா என்று கேட்கக்கூடும். உயிர்கள் குடியிருக்கவும் வந்துபோகவும் வழியுள்ள ஒன்றைத் தேனீப் பெட்டி என்றுதானே அழைக்கிறோம்? இன்னொரு நன்மை, இச்சொல்லிலிருந்து வேறு சொற்களை ஆக்கலாம் என்பது. அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளை கிளைகளில் ஏறி வாழ்வது. அதற்குத் தரைப்பரப்பைவிட உயரமே முக்கியம். முதிர்ந்த ஒரு தவளைக்கு 45 சென்ரிமீற்றர் நீளமும் அகலமும், 60 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பெட்டி பொருத்தமானது. இதை ‘மரவாழிடப் பெட்டி’ என்றும், மண்ணில் புதைந்து வாழும் தவளைகளுக்கானதைத் ‘தரைவாழிடப் பெட்டி’ என்றும் பிரித்துச் சொல்லும்போது, வாங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பெயரே காட்டிவிடும். இலங்கையின் புதர்த்தவளைகள் பலவற்றின் முட்டைகளிலிருந்து வாற்பேய் (தலைப்பிரட்டை) நிலையின்றி நேரடியாகவே குட்டித்தவளைகள் வெளிவருகின்றன. தவளை என்றாலே நீர்த்தொட்டி என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இது போதும். (நம் நாட்டுத் தவளைகளைக் காட்டிலிருந்து பிடித்து வளர்க்கக் கூடாது என்பதைக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பதையும் இங்கே வலியுறுத்துகிறேன்.)

இதனுடன் இணைந்த இரு சொற்களையும் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. மண்ணின் கீழே மிகைநீர் இறங்கித் தங்குவதற்காகக் கூழாங்கற்களோ சுட்ட களிமண் உருண்டைகளோ பரப்பப்படும் அடுக்கை ‘வடிபடை’ எனலாம். ஓசோன் படை என்று பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நுண்துளிகளாக நீர் தெளிப்பதற்குத் ‘தூவானமிடல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். தூவானம் பேச்சிலும் உயிரோடிருக்கும் சொல் என்பதால் அதை விட மனமில்லை. ஆயினும் ‘இடல்’ என்று முடிவது சற்று இறுக்கமாக ஒலிக்கிறது. இதைவிட இயல்பான வினைவடிவம் தோன்றுபவர்கள் எழுதுமாறு வேண்டுகிறேன்.