கிளிக் ஹேண்ட்லர் ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ரசீதுப் பக்கத்தில், பாப்அப் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபங்ஷன் ஓடி, 'சேமி' பட்டனுக்கு ஆட்ஈவென்ட்லிஸனர் மூலம் கிளிக் ஹேண்ட்லரை (அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷனை) இணைக்கிறது. மூன்றாம் முறை திறந்து ஒரே ஒரு தடவை அழுத்தினாலும், நெட்வொர்க் டேபில் மூன்று ரிக்வெஸ்ட்கள் போகின்றன; ஒரே ரசீது மூன்று எண்களில் பதிவாகிறது. இணைக்கும் முன் பட்டனின் ஆன்கிளிக் காலியாக உள்ளதா என்று பார்த்தேன். எப்போதும் 'நல்' (எதுவும் இல்லை) என்றே வருகிறது.

மறுமொழி 1:
ஆன்கிளிக்கில் நேரடியாக வைத்த ஃபங்ஷன் மட்டுமே அங்கே தெரியும். ஆட்ஈவென்ட்லிஸனரால் சேர்த்தவற்றை நிரலிலிருந்து கேட்டறிய டாமில் (பக்கத்தின் உறுப்புகளை நிரல் கையாளும் அமைப்பில்) வழியே இல்லை. குரோம் கன்சோலில் கெட்ஈவென்ட்லிஸனர்ஸ் என்று அழைத்தால் பட்டியல் கிடைக்கும்; ஆனால் அது டெவ்டூல்ஸ் எனும் பிரவுசரின் சோதனைக் கருவிகளுக்குள் மட்டுமே வேலை செய்யும், உங்கள் ஸ்கிரிப்டில் எழுதினால் ரெஃபரன்ஸ்எரர்தான் (அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழைதான்) வரும்.

மறுமொழி 2:
இங்கே சோதனையே தேவையில்லை என்பேன். ஈவென்ட்டின் வகை, ஃபங்ஷன், கேப்சர் மதிப்பு (ஈவென்ட் வெளி உறுப்பிலிருந்து உள்ளே இறங்கும்போதே பிடிப்பதா என்ற அமைப்பு) ஆகிய மூன்றும் ஒத்திருந்தால், இரண்டாம் முறை சேர்ப்பதைப் பிரவுசரே சத்தமில்லாமல் விட்டுவிடும். நீங்கள் ஏரோ ஃபங்ஷனை (அம்புக்குறியால் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷனை) ஆட்ஈவென்ட்லிஸனரின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்வைக்கு அதே வரிதான் என்றாலும், அது ஓடும்போதெல்லாம் புதிய ஃபங்ஷன் ஒன்று உருவாகிறது. ஃபங்ஷனை ஒரு பொருளோடு கட்டித்தரும் பைண்ட் போட்டாலும் இதே கதைதான். பழையதைக் கையில் வைத்திராததால் ரிமூவ்ஈவென்ட்லிஸனரும் உதவாது, பிழையும் காட்டாது.

கேட்டவர்:
ஏரோ ஃபங்ஷன்தான். அதற்குச் 'சேமிப்பு' என்று பெயரிட்டு அந்தப் பெயரையே கொடுத்தும் மூன்று ரிக்வெஸ்ட்கள் போகின்றனவே?

மறுமொழி 2:
அந்தப் பெயரைப் பாப்அப் திறக்கும் ஃபங்ஷனுக்குள் அறிவித்திருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் வேறொரு 'சேமிப்பு' உருவாகும். அதை வெளியே எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
வெளியே வைத்தால் ரசீது எண் அதற்குக் கிடைக்காதே?

மறுமொழி 3:
பாப்அப் திறக்கும்போது எண்ணைப் பட்டனின் டேட்டாசெட்டில் (உறுப்போடு சிறு தகவல்களை வைக்கும் இடத்தில்) எழுதிவிட்டு, ஹேண்ட்லருக்குள் ஈவென்ட்டின் கரன்ட்டார்கெட் (ஹேண்ட்லர் இணைந்துள்ள உறுப்பு, இங்கே பட்டன்) வழியாகப் படித்துக்கொள்ளுங்கள். உள்ளேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலை ஆட்ஈவென்ட்லிஸனரின் மூன்றாம் ஆர்க்யுமென்ட்டில் கொடுத்து, பாப்அப் மூடும்போது அபார்ட் செய்து ஹேண்ட்லரை நீக்கலாம். ஒருமுறை ஓடியதும் ஹேண்ட்லரைத் தானே நீக்கும் 'ஒன்ஸ்' கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அழுத்தாமலேயே பாப்அப்பை மூடினால் பழைய ஹேண்ட்லர் அங்கேயே தங்கிவிடும்.

கேட்டவர்:
டேட்டாசெட் வழியையே எடுத்துக்கொண்டேன். ஐந்து முறை திறந்து மூடிய பின் அழுத்தியும் ஒரே ரிக்வெஸ்ட்தான் போகிறது. நன்றி.